உள்பக்கத்தைத் திருப்பி மாட்டியவள்

இன்று காலை கிடங்கில் மேசை இழுப்பறையைத் திறந்ததும் அந்தப் பசை வாசனை குப்பென்று அடித்தது. உள்ளே எலுமிச்சம்பழ அளவில் ஓர் உருண்டை. காட்சி முடிந்ததும் சுவரிலிருந்து உரித்த ஸ்டிக்கர் எழுத்துகளை உள்ளங்கையில் வைத்து உருட்டி, நீ என்மேல் எறிந்த உருண்டை. "இந்தா நூரு, என்னோட முழுத் தொகுப்பு. அட்டைப்படம் நீயே போட்டுக்கோ" என்று சிரித்தாய். இத்தனை நாளாகியும் அது காயவில்லை. வெயில் ஏற ஏற இளகி, தொட்டால் விரலில் ஒட்டுகிறது.

அதைக் கையில் வைத்துக்கொண்டிருந்தபோதே கொரியாவிலிருந்து போனில் ஒரு படம் வந்தது. அங்கே ஓர் அருங்காட்சியகத்தில் அந்த நீளத் துணியை மாட்டி முடித்துவிட்டார்களாம். பக்கத்துச் சுவரில் முதலில் உன் தமிழ், அதன்கீழ் கொரிய மொழி, அதற்கும் கீழே ஆங்கிலம். கடைசியில் சின்ன எழுத்தில், இரண்டும் தமிழிலிருந்து பெயர்க்கப்பட்டவை என்று ஒரு வரி. நான் படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். உன் பெயர் முழுதாக இருக்கிறது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. சொல்லி அலட்டிக்கொள்ள நீ இல்லையே என்று கோபமும் வந்தது. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன். எல்லாம் உனக்குத் தெரிந்த கதைதான். எனக்கு அதை மறுபடி சொல்ல ஆசையாக இருக்கிறது, கேள்.

நீ பிள்ளையார்பாளையத்து நெசவாளி வீட்டுப் பெண். நான் ஜரிகை வியாபாரி வீட்டுப் பெண். இரண்டு பேரும் ஒரே ரயிலில் சென்னைக்குப் போய் ஓவியம் படித்தோம். படித்து முடித்த பிறகுதான், நம் இருவருக்குமே வரைவதைவிடப் பிறர் வரைந்ததைப் பார்ப்பதில்தான் வெறி என்று தெரிந்தது. நான் கண்காட்சிகளை அமைக்கப் போனேன். நீ அவற்றைப் பற்றி எழுதப் போனாய். யாராவது விசாரித்தால் என் அத்தா, "படம் மாட்டுற வேலை" என்பார். உன் அம்மா, "மாட்டுன படத்தப் பத்தி எழுதற வேலை" என்பார். இரண்டு பேர் சொன்னதும் சரியாகத்தான் இருந்தது. ஆனால் மாப்பிள்ளை வீட்டாருக்கு மட்டும் அது போதவில்லை.

உனக்கு நினைவிருக்கிறதா, திருப்பருத்திக்குன்றம்? சைக்கிளில் போய், கோயில் கூரை ஓவியங்களைக் கழுத்து வலிக்க அண்ணாந்து பார்த்தோம். வெளியே வந்ததும் நான் கோடு, வண்ணம், மரபு என்று கல்லூரியில் கேட்டதையெல்லாம் கொட்டினேன். நீ செருப்பை மாட்டிக்கொண்டே, "அதெல்லாம் சரி. நீ என்ன பாத்த?" என்று கேட்டாய். மறுபடி உள்ளே அழைத்துப் போனாய். அதற்குப் பிறகு நான் எந்த ஊரில் எந்தக் காட்சியைப் பார்த்துவிட்டு வந்தாலும் உன் முதல் கேள்வி அதுதான். நன்றாயிருந்ததா என்று ஒருநாளும் கேட்டதில்லை.

இன்னொன்றும் சொல்வாய். "சாப்பிட்டுட்டு வந்து பாரு. பசியோட பாத்தா எல்லாப் படமும் சோகமாத்தான் தெரியும்." காலையில் ஒருமுறை நின்று பார்ப்பாய். போய் நன்றாகச் சாப்பிட்டுவிட்டு வந்து உட்கார்ந்து பார்ப்பாய். அப்புறம்தான் பேனாவைத் திறப்பாய். எழுதியதை வாய்விட்டுப் படிப்பாய். படிக்கும்போது நாக்கு எங்கே தடுக்குகிறதோ அந்த இடத்தை அடித்துவிடுவாய். ஒரு பக்கம் எழுத இரண்டு வேளை சாப்பாடு ஆகிறதே என்று நான் கிண்டல் செய்ததுண்டு.

இப்படி எழுதிக்கொண்டு யாராவது பிழைக்க முடியுமா? சின்ன காஞ்சிபுரத்து அச்சகத்தில் கல்யாணப் பத்திரிகைகளுக்குப் பிழை திருத்தினாய். தாய்மாமன் ஒருவர் பெயர் விட்டுப்போனாலும் மண்டபத்தில் கைகலப்பு ஆகிவிடும், அதைவிடப் பொறுப்பான எழுத்து வேலை உலகத்திலேயே கிடையாது என்பாய். ஒருமுறை பல நாட்டுக் கலை எழுத்தாளர்கள் ஜூமில் கூடியபோது, ஒவ்வொருவரும் வயிற்றுப் பிழைப்புக்கு வேறு என்ன செய்கிறார்கள் என்ற பேச்சு வந்தது. நைரோபிக்காரர் சினிமாவுக்கு அடியில் ஓடும் வசன வரிகள் போடுவதாகச் சொன்னார். ஜகார்த்தாப் பெண் டியூஷன் எடுப்பதாகச் சொன்னாள். லிஸ்பனில் ஒருவர் ஓட்டல் வரவேற்பறையில் உட்காருவதாகச் சொன்னார். நீ கல்யாணப் பத்திரிகையையும் தாய்மாமன்களையும் பற்றிச் சொன்னதும் அத்தனை சதுரங்களிலும் சிரிப்பு. போனை வைத்துவிட்டு என்னிடம், "எல்லா ஊர்லயும் நம்ம ஆளுங்கதான் கீறாங்க, நூரு" என்றாய். அன்று முழுக்க உன் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம்.

கலையுலகம் உனக்கு வேலை கொடுக்காமல் இல்லை. எல்லாம் மொழிபெயர்ப்பு வேலை. ஆங்கிலத்தில் எழுதி, திருத்தி, ஒப்புதல் வாங்கி முடித்த கட்டுரை வரும். அதைத் தமிழாக்கித் தர வேண்டும். அந்தத் தமிழும் பெரும்பாலும் கதவோரத்தில் ஒரு துண்டுத் தாளாகக் கிடக்கும், மழை வந்தால் செருப்புக்கு அடியில் போடுவார்கள். நீ குறைப்பட்டுக்கொண்டதில்லை. ஆனால் உனக்கு ஒரே ஓர் ஆசை இருந்தது, என்னிடம் மட்டும் சொன்னாய். நீ பார்த்து, நீ தமிழில் எழுதியது, சுவரில் இருக்க வேண்டும். அதுவும் நம் ஊர்ச் சுவரில்.

அந்தச் சுவர் நம் கிடங்குச் சுவராகவே அமைந்தது. அத்தா வியாபாரத்தைச் சுருக்கிக்கொண்டதும் ஜரிகைக் கிடங்கை நான் கேட்டு வாங்கிக் காட்சிக்கூடமாக்கினேன். ஐரோப்பிய அருங்காட்சியகம் ஒன்று, நெய்யப்பட்ட கலைப் படைப்புகளைப் பல நாடுகளுக்கு எடுத்துப்போகும் காட்சியைக் காஞ்சிபுரத்தில் தொடங்கச் சம்மதித்தது. பெட்டிகளோடு ஓர் ஒருங்கிணைப்பாளரும் வந்து இறங்கினார். நல்ல மனுஷர். ஆணி அடிப்பதற்கும் தலைமையிடம் ஒப்புதல் கேட்பார். முதல் நாளே அவருக்கு நீ 'அப்ரூவல் அண்ணன்' என்று பெயர் வைத்துவிட்டாய். சுவர் உரைகள் ஆங்கிலத்தில் தயார், தமிழாக்கினால் போதும் என்றார் அவர்.

"நான் மொழிபெயர்க்க மாட்டேன். பாத்துட்டு எழுதறேன்" என்றாய். நான் காட்சியின் பொறுப்பாளர், நீ என் தோழி. அண்ணனோடு இரண்டு நாள் பேசிப் பேசி, கடைசியில் ஓர் ஏற்பாட்டுக்கு வந்தோம். ஒரே ஒரு படைப்பைப் பற்றி நீயாக எழுதித் தர வேண்டும். அதை நான் ஆங்கிலத்தில் சொல்ல வேண்டும். தலைமையிடத்துக்குப் பிடித்தால் அது சுவருக்குப் போகும், பிடிக்காவிட்டால் எல்லாமே அவர்களுடைய உரையின் மொழிபெயர்ப்பு. நீ தேர்ந்தெடுத்தது பெரு நாட்டுப் பெண் கலைஞர் ஒருவர் தானே நெய்த நீளத் துணியை.

பெட்டியிலிருந்து அந்தத் துணியை விரித்த காட்சி என் கண்ணிலேயே நிற்கிறது. கையுறை போட்டுக்கொண்டு ஆளுக்கொரு முனையைப் பிடித்திருந்தோம். விரித்ததும் நீ முகத்தைச் சுளித்தாய். "ஏய், இது உள்பக்கம்." ஒரே முடிச்சும் தொங்கும் நூலுமாக இருந்தது. பெட்டியோடு வந்த தாளில் 'முன்பக்கம்' என்று அம்புக்குறி அதே பக்கத்தைக் காட்டியது. நீ அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "பேக் பண்ணவங்க தப்பாப் போட்டுட்டாங்கபா. இதுகூடவா எனக்குத் தெரியாது?" என்றாய். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. அண்ணன் தாளைப் பார்த்தார், உன்னைப் பார்த்தார். நெசவூர்க்காரி சொல்கிறாளே என்று அவரும் தலையாட்டினார். துணியைத் திருப்பி மாட்டினோம். மறுபக்கம் அப்படிப் பளிச்சென்று இருந்தது, ஓர் இழை பிசகவில்லை. நீ அதன் எதிரில் உட்கார்ந்து, அதன் ஒழுங்கைப் பற்றியும் கரையின் நிறங்களைப் பற்றியும் அழகாக எழுதினாய். தலைமையிடத்துக்கும் பிடித்துவிட்டது. நம்பர் பிளேட் எழுதும் ஸ்டிக்கர் கடையில் உன் தமிழை வெட்டக் கொடுத்துவிட்டு வந்தோம். அன்று பாய் கடையில் நீ எனக்கு டீ வாங்கிக் கொடுத்தாய். தலைகால் புரியாத சந்தோஷம் உனக்கு.

மறுநாள் காலை கலைஞர் வந்து சேர்ந்தார். குட்டையான, நிதானமான பெண். துணியின் முன்னால் போய் நின்றார். பிறகு, உடைந்த ஆங்கிலத்தில் மெதுவாகச் சொன்னார், "என் துணி சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்கிறதே."

முடிச்சுகள் இருந்த பக்கம்தான் முன்பக்கம். அந்தத் துணியை அவர் நெய்ததே அந்த முடிச்சுகளைக் காட்டத்தான். அம்புக்குறி சரி, நாம்தான் தப்பு. நெசவையே அறியாத ஊரில் யாரும் இந்தத் தப்பைச் செய்திருக்கவே மாட்டார்கள், தாளில் போட்டபடி மாட்டிவிட்டுப் போயிருப்பார்கள். உன் முகம் செத்துவிட்டது. நீயே ஏணியில் ஏறித் துணியை இறக்கினாய். நீயே திருப்பி மாட்டினாய். அண்ணன் உன்னைக் கடிந்துகொள்ளவில்லை. என்னைத் தனியே அழைத்து, "இதற்காகத்தான் சரிபார்த்த உரையையே மொழிபெயர்க்கச் சொன்னோம். அதில் பிழை இல்லை" என்றார். நான் அதை உன்னிடம் சொல்லத் தேவையே இருக்கவில்லை, உன் காதில் விழுந்துவிட்டது.

நீ போய் அந்த ஆங்கில உரையை எடுத்து வந்து நின்றபடியே படித்தாய். நினைவு, இடப்பெயர்வு, உடல், வெளி என்று ஓடியது அது. படித்து முடித்துவிட்டு என்னிடம் சொன்னாய்:

"நூரு, நான் எழுதனது தப்புதான். ஏன் தப்பாச்சு? ஒரு பக்கத்தப் பாத்து எழுதனேன், அதனால. அவங்க எழுதனதப் பாரு, ரெண்டு பக்கத்துக்கும் பொருந்துது. நாளைக்கு எங்க அம்மா நெய்யிற சேலைக்கும் பொருந்தும். அது எப்பிடிம்மா?"

நான் அண்ணனிடம் அதை அப்படியே சொன்னேன். அவர் கடிகாரத்தைப் பார்த்தார். திறப்பு விழா நாளை சாயங்காலம், இன்று மதியத்துக்குள் முடிவு தெரிய வேண்டும், இல்லாவிட்டால் மொழிபெயர்ப்புதான் என்றார். நீ சாப்பிடப் போனாய்! எனக்கு வந்த ஆத்திரத்தில் உன்னை அடித்திருப்பேன். திரும்பி வந்து, தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாய். முடிச்சுகளைப் பார்த்தாய். நான் கதவைச் சாத்திவிட்டு வெளியே நின்றேன். உள்ளே நீ வாய்விட்டுப் படிப்பதும் நிறுத்துவதும் மறுபடி படிப்பதும் கேட்டது. கடைசியில் என்னைக் கூப்பிட்டுப் படித்துக் காட்டினாய். அது எனக்கு மனப்பாடம்:

"நான் நெசவாளி வீட்டுப் பெண். இந்தத் துணியைப் பெட்டியிலிருந்து எடுத்தபோது, உள்பக்கம் வெளியே தெரிகிறதே என்று திருப்பி மாட்டினேன். எங்கள் வீட்டில் விருந்தாளிக்கு உள்பக்கத்தைக் காட்டமாட்டோம். நெய்தவர் வந்து, மறுபடி திருப்பச் சொன்னார். இப்போது நீங்கள் பார்ப்பவை முடிச்சுகள், அறுந்து சேர்த்த இழைகள், நிறம் மாறிய இடத்தில் தொங்கும் நுனிகள். ஒவ்வொரு முடிச்சும் தறி ஒருமுறை நின்ற இடம். ஏன் நின்றது என்று துணி சொல்லாது. எங்கள் அம்மா நெய்த சேலைகளுக்கும் உள்பக்கம் உண்டு. இத்தனை வருடமாக நான் அங்கே பார்த்ததில்லை."

கலைஞருக்கு நான் அதை ஆங்கிலத்தில் சொன்னேன். புரியாத வார்த்தைகளுக்குக் கையைக் காட்டினேன். கேட்டு முடித்ததும் அவர் உன் கையைப் பிடித்துக்கொண்டார். பிறகு அண்ணனிடம் திரும்பினார். எத்தனையோ ஊர்ச் சுவர்களில் தன்னைப் பற்றி எழுதியிருக்கிறார்கள், இந்தத் துணியைப் பற்றி எழுதியது இவர்தான் என்றார். துணி போகும் இடமெல்லாம் இந்த உரையும் கூடவே போக வேண்டும், ஆங்கிலம் வேண்டுமானால் இதிலிருந்து மொழிபெயர்த்துக்கொள்ளுங்கள் என்றார். அண்ணன் போனை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனார். நாம் இருவரும் பள்ளிக்கூடத்து ரிசல்ட்டுக்குக் காத்திருப்பதுபோல் நின்றோம். நீ என் துப்பட்டா நுனியை முறுக்கிக்கொண்டே இருந்தாய். அவர் உள்ளே வந்து, "அப்ரூவ்ட்" என்றார். சொல்லிவிட்டு அவரே முதலில் சிரித்தார்.

ஸ்டிக்கர் கடைக்காரர் இரண்டாவது முறை வெட்ட வேண்டுமென்றதும் திட்டிக்கொண்டேதான் வெட்டினார். உன் தமிழுக்குக் கீழே என் ஆங்கிலம், அதன்கீழ் சின்னதாக, தமிழிலிருந்து பெயர்த்தவர் நூர் என்று. எத்தனையோ காட்சிகளுக்கு நான் பொறுப்பாளராக இருந்திருக்கிறேன். என் பெயர் அவ்வளவு சின்னதாக வந்ததும் கிடையாது, எனக்கு அவ்வளவு பிடித்ததும் கிடையாது.

திறப்பு விழாவுக்கு உன் அம்மா வந்தார், நல்ல பட்டுச் சேலை கட்டிக்கொண்டு. சென்னையிலிருந்து வந்திருந்தவர்கள் கோப்பையும் கையுமாக நின்றுகொண்டிருந்தார்கள். அம்மா யாரையும் பார்க்காமல் நேராகச் சுவருக்குப் போய், எழுத்துக் கூட்டி, சத்தமாகப் படித்தார். பேசிக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். கடைசி வரியைப் படித்ததும் நின்றார். நீ என் பின்னால் ஒளிந்துகொண்டாய். அம்மா திரும்பி, அத்தனை பேருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னார்:

"துணி சொல்லாதாம்! நான் சொல்றேன் கேளு. எந்தறி நின்னதெல்லாம் உன்னாலதான்டி. ஸ்கூல்லேர்ந்து வந்துக்கினே பசிக்குதுன்னு கத்துவ. நான் எழுந்து போவேன். அங்க ஒரு முடிச்சு வுழும்."

கூடமே சிரித்தது. கலைஞர் என்னவென்று கேட்க, நான் சொன்னேன், அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நீ போய் அம்மாவின் தோளில் முகத்தை வைத்துக்கொண்டாய். அம்மா உன் முதுகில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு, பக்கத்தில் நின்ற சென்னைக்காரரிடம், "எம்பொண்ணு எழுதனது. தப்பா மாட்டுனதக்கூட மறைக்காம எழுதிகீறா பாருங்க" என்றார்.

பிறகு துணி ஊர் ஊராகப் போனது. உனக்கும் அழைப்பு வந்தது, விசாதான் வரவில்லை. உன் எழுத்தை எந்த எல்லையிலும் யாரும் நிறுத்தவில்லை. ஒவ்வோர் ஊரிலும் அந்த ஊர் மொழிக்காரர் ஒருவர், உன் தமிழின் ஏதாவது ஒரு வார்த்தைக்கு விளக்கம் கேட்டு எழுதுவார். 'தறி நின்ற இடம்' என்பதற்கு ஒருவர் கேட்ட கேள்விக்கு, ஆஸ்பத்திரிக் கட்டிலில் ஊசி ஏறிக்கொண்டிருக்கும்போதே போனில் பேசிப் பதில் அனுப்பினாய். ரத்தத்தில் வந்த நோய் உன்னை வேகமாகக் கொண்டுபோயிற்று. பத்திரிகைகளில் உன்னைப் பற்றி நாலு வரி வந்தது. அவற்றில் பிழை இருக்கிறதா என்று நான்தான் பார்த்தேன். நீ இல்லாதது எனக்கு இன்னும் பழகவில்லை, பழகவும் வேண்டாம்.

இப்போதெல்லாம் பல காட்சிகளிலிருந்து என்னைக் கேட்கிறார்கள், அந்த ஊர்க்காரர் பார்த்து எழுதிய உரை வேண்டும், மொழிபெயர்ப்பு வேண்டாம் என்று. அதற்கு ஆள் தேடிக் கொடுப்பதும் என் வேலைகளில் ஒன்றாகிவிட்டது. நைரோபிக்காரர் தன் மொழியில் ஒரு சுவருக்கு எழுதிவிட்டார். ஜகார்த்தாப் பெண்ணும் எழுதிவிட்டாள். நம்ம ஆளுங்கதான் எல்லா ஊரிலும் இருக்கிறார்களே.

நாளை நம் கிடங்கில் ஒரு புதுக் காட்சி திறக்கிறது. சுவர் உரையை எழுத யாரையும் கூப்பிடவில்லை. நானே எழுதினேன், முதலில் தமிழில். முதல் வரைவில் நினைவும் வெளியும் இடப்பெயர்வும் கைகோத்துக்கொண்டு வந்து நின்றன. வாய்விட்டுப் படித்தேன், நாக்கு தடுக்கிற்று. போய் வயிறாரச் சாப்பிட்டுவிட்டு வந்து, படைப்பின் முன்னால் தரையில் உட்கார்ந்தேன். "நீ என்ன பாத்த?" என்று எனக்கு நானே கேட்டுக்கொண்டேன், உன் குரலில்தான். பாதிக்கு மேல் அடித்துவிட்டேன். மிச்சம் இருப்பது சின்னதுதான், ஆனால் நான் பார்த்தது. அடித்த வரிகளுக்காக நீ என்னை மெச்சியிருப்பாய்.

கொரியாவிலிருந்து வந்த படத்தைக் காட்ட, மத்தியானம் பிள்ளையார்பாளையம் போனேன். உன் காரியம் முடிந்த மறுநாளே அம்மா தறியில் உட்கார்ந்துவிட்டார். அதற்குப் பிறகு கல்யாணம் காட்சி எதற்கும் எழுந்து வருவதில்லை. யார் கூப்பிட்டாலும் "தறி இருக்குதுமா" என்பதுதான் பதில். நானும் அந்தப் பதிலுக்குத் தயாராகத்தான் போனேன். படத்தில் உன் பெயர் இருக்கும் இடத்தை விரலால் தொட்டுப் பார்த்தார். கொரிய எழுத்துகளைக் காட்டி, "இதுவும் அவ எழுதனதா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். நாளைக்கு என் காட்சி திறக்கிறது, சுவருக்கு நானே எழுதியிருக்கிறேன், வந்து படித்துக் காட்ட வேண்டும் என்றேன். தறியில் இருந்த பாவு நூலை விரலால் நீவிவிட்டார்.

"சாயங்காலம் தானே?" என்று கேட்டார். "தறிய நிறுத்திட்டு வர்றேன், நூரு."